பழைய பெட்டியில் படம் ஓட்டுகிறவர்

உலகத்தில் படம் எடுக்கிறவர்கள் ஒரு ரகம், படம் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. படம் ஓட்டுகிறவர்கள். தியேட்டரில் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைச் சொல்லவில்லை. அவர் பாவம், சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், ஓடுகிற மெஷினில்தான் ஓட்டுவார். நான் சொல்கிற ஆள் ஓடவே ஓடாத ஒன்றில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்புகிறவர்.

அடையாளம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சட்டைப் பையில் நல்ல கைப்பேசி இருக்கும். ஹாலில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு புது டிவி இருக்கும். மேசைமேல் கணினி இருக்கும். இவை எதிலும் அவர் படம் பார்க்க மாட்டார். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்த ஒரு பிளாஸ்டிக் வீடியோ கேம் பெட்டியை, கேசட்டைச் சொருகி, ஊதி, மறுபடி சொருகி, சதுரத் தலைப் பொம்மை ஒன்றைப் பள்ளத்துக்கு மேல் குதிக்க வைப்பதற்கு மேல் எதற்கும் ஆகாது என்று செய்தவர்களே கைகழுவிவிட்ட பெட்டியை, பழைய சாமான் கடைகளில் அலைந்து தேடிப் பிடித்து, தூசு தட்டி, மடியில் வைத்துத் தடவிக் கொடுத்து, அதில்தான் பார்ப்பேன் என்று நிற்பார். பார்ப்பேன் என்றா சொன்னேன்? தவறு. ஓட்டுவேன் என்று நிற்பார். பார்ப்பதில் அவருக்கு அக்கறை கிடையாது.

இந்த இனத்தாரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிடக் கூடாது. 'எதுக்கு?' அவ்வளவுதான், முகம் சுண்டிவிடும். மலை ஏறுகிறவனை எதற்கு ஏறுகிறாய் என்று கேட்பீர்களா என்பார். மலை ஏறுகிறவன் உச்சிக்குப் போய் நாலு பக்கமும் பார்க்கவாவது செய்கிறான் என்று பதில் சொல்ல உங்களுக்குத் தோன்றும். சொல்லாதீர்கள். மாலை முழுக்க வீணாகிவிடும்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. அடிபட்டு வரும் கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்த நெளிசல் புதிது, எந்தக் கீறல் பழையது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து மதிப்புப் போடுகிறவர். அலுவலகத்தில் அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது என்று பெயர். மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். ஒரே பெண், நாலாம் வகுப்பு. மனைவியின் தம்பி ஒருவன் அடிக்கடி வந்து போவான், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அவன்தான் இவருக்கு 'ஆபரேட்டர்' என்று பெயர் வைத்தான். கிண்டலுக்கு வைத்தது. இவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பிறகு அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

ஆபரேட்டர் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு குண்டு டிவி. பழைய பெட்டியின் ஒயர் புது டிவியில் சேராது. அதனால் யாரோ தூக்கிப் போட்ட குண்டு டிவி ஒன்றை இரண்டு ஆள் வைத்துத் தூக்கி வந்து, புது டிவிக்கு முன்னாலேயே ஒரு ஸ்டூல் போட்டு வைத்துவிட்டார். வீட்டார் செய்தி பார்க்க வேண்டுமானால் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். மனைவி வலது பக்கம் சாய்வார், பெண் இடது பக்கம் சாய்வாள். கேட்டால், "கொஞ்ச நாளைக்குத்தான்" என்பார். இந்த இனத்தின் அகராதியில் கொஞ்ச நாள் என்பதற்கு முடிவு கிடையாது.

அவரைப் போலவே ஓட்டுகிறவர்கள் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் நடக்கிற பேச்சைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும்.

"சார், ஓடிருச்சு சார்! ரெண்டு நிமிஷம் முழுசா ஓடிருச்சு!"

"ஆஹா! எத்தனை கலர்?"

"பதினாறு. நொடிக்குப் பன்னெண்டு படம்."

"பன்னெண்டா! என்ன படம் சார்?"

"அது தெரியாது சார். ஏதோ ஒண்ணு. குதிரை வருது."

குழுவில் இருப்பவர்கள் யாரும் ஒரு படத்தையும் கடைசிவரை பார்த்தது கிடையாது. ஓடிவிட்டதா, நிறுத்து, அடுத்தது. கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலின் மூங்கிலை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்புகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை யார் என்று கேட்டால் விழிப்பார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் பெண்ணுக்குப் பள்ளிக்கூட நாடகத்தில் வேஷம் கிடைத்தது.

தபால்காரரின் சைக்கிள் தொலைந்துபோகிற நாடகம். தெருவில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்படுகிறார்கள், போலீஸ்காரர் வந்து தப்பான ஆளாகப் பிடித்துப் பிடித்து விடுகிறார், ஒரே கூச்சல். இத்தனைக்கும் நடுவில் ஒரு தெருவிளக்குக் கம்பம் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. கடைசியில் அது மட்டும் வாயைத் திறந்து, "எல்லாத்தையும் நான் பாத்தேன்" என்கிறது. கூட்டம் வாயைப் பிளக்கிறது. திரை விழுகிறது. அந்தக் கம்பம்தான் நம் பெண். உடம்பில் சாம்பல் நிறத் தாள் சுற்றி, தலையில் மஞ்சள் அட்டையில் பல்பு.

ஒரே ஒரு வசனம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். நாடகம் முழுக்க நிற்க வேண்டும். மூக்கு அரித்தாலும் நிற்க வேண்டும், போலீஸ்காரன் தொப்பி கழன்று விழுந்து எல்லோரும் சிரித்தாலும் சிரிக்காமல் நிற்க வேண்டும். அந்தச் சின்னப் பெண் வீட்டில் மூலைக்கு மூலை நின்று பழகினாள். குளியலறை வாசலில் நின்றாள், ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றாள். ஒரு நாள் அப்பாவின் மேசையருகே போய் நின்றாள், எப்போது கவனிப்பார் என்று பார்க்க.

"கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு, ஒயரைப் பத்த வைக்கணும், வெளிச்சம் மறைக்குது" என்றார் விளக்குக் கம்பத்தைப் பார்த்து.

நாடகத்தன்று அவர் போகவில்லை. கேசட்டுக்குள் வைக்கிற சிப் அன்றைக்குத்தான் பார்சலில் வருவதாக இருந்தது. "நீ போன்ல எடுத்துட்டு வா, நான் நிதானமா பாக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்கு லீவு போட்டுவிட்டு அந்த அம்மாள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, கை வலிக்க வலிக்க முழு நாடகத்தையும் எடுத்தார். பெண் இமையைத் தவிர எதையும் அசைக்கவில்லை. ஆசிரியை மேடைக்குப் பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு, "உன்னை மாதிரி யாராலும் நிக்க முடியாது" என்றார். வீட்டுக்கு ஓடி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, பாருங்கப்பா! நான் கொஞ்சம்கூட ஆடலப்பா! அம்மா போன்ல இருக்கு!"

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? கைப்பேசியை வாங்கிப் பார்ப்பான். பெண்ணை மடியில் உட்கார வைத்துப் பார்ப்பான். ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொரு முறை போடு என்பான். நம் ஆள் கைப்பேசியை வாங்கினார், பார்க்காமல் தலைகீழாகக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார், கண்கள் பளபளக்க ஒரு சத்தியம் செய்தார்.

"இதை நான் பெட்டியிலதான் மொதல்ல பாக்கப் போறேன்."

"எதுக்குங்க?" என்றார் மனைவி. கேட்கக் கூடாத கேள்வி.

அங்கே இருந்த மச்சினன் சும்மா இருப்பானா? "அத்தான், போன்லயே பாத்துடலாமே?"

"போன்ல யாரு வேணும்னாலும் பாக்கலாம்டா" என்றார் ஆபரேட்டர், இரக்கத்தோடு. தன் பெண்ணுக்கு ஏதோ பெரிய கௌரவம் செய்கிறோம் என்று மனமார நம்பினார், பாவி மனிதர்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது வேலை. பெட்டியின் புத்தி எவ்வளவு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது ஒரு படத்தை முழுதாகக் காட்டாது. குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டுகிற மாதிரி சின்னச் சின்னச் சதுரங்களை ஒட்டித்தான் காட்டும். கொஞ்சம் சதுரங்கள்தான் அதன் மண்டைக்குள் நிற்கும். ஆகையால் நாடகத்தை வெட்டி, குறுக்கி, ஒன்றுபோலத் தெரிகிற சதுரங்களுக்கெல்லாம் ஒரே சதுரத்தைப் போட்டு, அசைகிறதை மட்டும் மாற்றி, அசையாததைப் பின்திரையோடு சேர்த்து ஒரே தடவை வரைந்து அப்படியே விட்டுவிட வேண்டும். எது அசைவு, எது அசைவில்லை என்பதை ஓட்டுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் தீர்மானித்தார். லேசான அசைவெல்லாம் அசைவில்லை என்று எழுதி வைத்தார். இடம் மிச்சமானது. துள்ளிக் குதித்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெண் தினம் வந்து கேட்பாள். "பாத்தீங்களாப்பா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் கண்ணு."

பொய் என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டேதான் இருந்தார். செங்கல் சுவர் வரைந்த பின்திரையில் எத்தனை மடிப்பு என்று கேட்டால் சொல்வார். மடிப்புகள் அவர் உயிரை வாங்கின. "இந்தத் திரையை யாரு தெச்சது? கொஞ்சம்கூடப் பொறுப்பில்ல" என்று சாப்பிடும்போது திட்டுவார். போலீஸ்காரனாக நடித்த பையன் உள்ளே கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான், காலர் வெளியே தெரிந்தது. கட்டம் என்றால் சதுரங்கள் எக்கச்சக்கமாகச் செலவாகும். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இப்படி ஒரு பெரிய மனிதர் விரோதியாக இருப்பது அவன் பெற்றோருக்குத் தெரிய நியாயமில்லை.

நிறம் பதினாறுக்குள் அடங்க வேண்டும். அந்தக் காலருக்கு ஒரு பழுப்பு தேவைப்பட்டது. எதை எடுப்பது? மஞ்சள் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. ஓர் இடத்துக்காக ஒரு நிறத்தைச் செலவழிப்பானா புத்தியுள்ளவன்? தூக்கிவிட்டார். அது என்ன இடம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கார் கதவில் நகக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண் அது. சொந்த வீட்டு விளக்குக் கம்பம் அதற்குத் தட்டுப்படவில்லை.

அடுத்து ஒலி. பெட்டிக்கு மனிதக் குரல் வராது. கீச்சிடும், இரையும், அவ்வளவுதான். குரல்களையெல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் வரும் கைதட்டலை மட்டும் வைத்துக்கொண்டார். கைதட்டல் வெறும் இரைச்சல்தானே, பெட்டிக்கு அது கைவந்த கலை. மழை பெய்கிற மாதிரி, எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி அருமையாக வந்தது. ஒரு நாள் முழுக்க அதையே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண் எட்டிப் பார்த்து, "யாருக்குப்பா கைதட்றாங்க?" என்றாள். "நமக்குத்தான்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திரையிடல். மனைவி டீ போட்டார், மச்சினன் வந்தான். குழுவிலிருந்து ஒரு பல் டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. குண்டு டிவிக்கு முன்னால் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, கடைவாய்ப் பல்லில் ஓட்டை பார்க்கிற தூரத்தில் நின்றுகொண்டார். பெண் நல்ல கவுன் போட்டு, தலை வாரி, தரையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். அப்பா இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறார். அவளுக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஆபரேட்டர் கேசட்டை ஊதினார். சொருகினார். படம் ஓடியது.

ஓடியது என்பதை மறுப்பதற்கில்லை. தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரத்துக்குள், சின்னச் சின்னக் கட்டிகளாக ஏதோ இங்குமங்கும் போய் வந்தன. நீலக் கட்டி தபால்காரர். பழுப்புக் காலரோடு துள்ளித் துள்ளி வந்தது போலீஸ்காரன். எதிரி அல்லவா, அவனைத் துல்லியமாகக் கொண்டுவந்திருந்தார். பின்னால் செங்கல் சுவர், அசையாமல், அழகாக.

"பிரமாதம்! காலரு தெரியுது சார்!" என்றார் பல் டாக்டர்.

பெண் தன் முறை வரும் என்று காத்திருந்தாள். எந்தச் சண்டைக்குப் பிறகு எந்தச் சண்டை, யார் எப்போது தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிற இடம் வந்தது. திரையில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்தபடியே, மேடையில் சொன்ன அதே குரலில், தெளிவாகச் சொன்னாள்.

"எல்லாத்தையும் நான் பாத்தேன்."

"உஷ்!" என்றார் அப்பா. "இப்பக் கைதட்டல் வரும், கேளு."

வந்தது. மழை மாதிரி வந்தது. பல் டாக்டரும் சேர்ந்து தட்டினார்.

கைதட்டல் ஓய்ந்ததும் பெண் கேட்டாள். "நான் எங்கப்பா?"

ஆபரேட்டர் திரையைப் பார்த்தார். கடைசிப் படம் அப்படியே நின்றிருந்தது. இடது ஓரத்தில்தான் நின்றாளாம். அந்த இடத்தில் செங்கல் இருந்தது. அதற்கு மேலேயும் செங்கல். முகம் இருக்க வேண்டிய சதுரத்தில் பக்கத்துச் சுவரின் செங்கல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தி இருந்தது. ஒரு கணம் அந்த மனிதர் உண்மையாகவே பயந்துபோனார். கடைத்தெருக் கூட்டத்தில் பிள்ளையின் கை நழுவினால் வருமே, அந்தப் பயம். இல்லை என்று சொல்லக் கூடாது.

ஆனால் ஒரு கணம்தான். மறு கணமே காரணம் புரிந்துவிட்டது. காரணம் புரிந்ததும் பயம் போய்விட்டது. இந்த இனத்துக்குக் காரணம் கிடைத்தால் போதும், காரியம் கெட்டது உறைக்காது. முகம் மலர்ந்து, பெண்ணின் தோளில் கை வைத்து, பொறுமையாக விளக்கினார்.

"நீ கொஞ்சம்கூட ஆடாம நின்னியா, அதான் பெட்டி உன்னையும் சுவருன்னு நெனச்சுக்கிச்சு. நீ நல்லா கையைக் காலை வீசி ஆட்டியிருந்தா, தப்பிச்சிருப்ப."

"அப்ப, நான் நல்லா நின்னதுனாலயா?"

"ஆமா! அவ்ளோ நல்லா நின்னுருக்க!"

"நல்லாவே அமுக்கிக் குறுக்கியிருக்கீங்க சார்" என்றார் பல் டாக்டர், செங்கல்லைத் தொட்டுப் பார்த்து.

மச்சினனுக்கு வழக்கமாக வாய் ஓயாது. அன்றைக்கு டீ தம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். மனைவி கைப்பேசியை எடுத்து, நாடகத்தைப் போட்டு, கணவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இப்பவாவது பாருங்க. உங்க பொண்ணு."

பார்த்தார். மஞ்சள் பல்பும் சாம்பல் தாளுமாக, மூக்கு நுனியில் வியர்வையோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கல்லில் செதுக்கிய மாதிரி நின்றாள் அந்தப் பெண். எந்தத் தகப்பனும் பெண்ணை வாரி அணைத்துக்கொள்வான். இவர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்.

"பாரு, எத்தனை கலரு வீணா கெடக்கு இதுல."

பல் டாக்டர் ஆமோதித்தார். இருவரும் பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் குழு முழுக்கச் செய்தி பரவி, பாராட்டு மழை கொட்டி, ஆபரேட்டருக்குத் தலைகால் புரியவில்லை. நாடகம் என்ன நாடகம் என்று வழக்கம்போல் யாரும் கேட்கவில்லை. பெண் கவுனை மாற்றிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதப் போனாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுதிருந்தால் தேவலை.

அடுத்த வருடம் மறுபடி நாடகம். ஆசிரியை அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை உனக்கு ஆலமரம். மேடைக்கு நடுவுலயே நிக்கணும். உன்னை விட்டா யாரு நிப்பா?"

"வேணாம் மிஸ். ஓடிக்கிட்டே இருக்கிற வேஷம் ஏதாவது குடுங்க."

"ஏம்மா? உனக்குத்தான் நிக்கிறது அவ்வளவு நல்லா வருமே?"

"நின்னா அப்பா கண்ணுக்குத் தெரிய மாட்டேன் மிஸ்."

ஆசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. நாய்க்குட்டி வேஷம் கொடுத்தார். மேடை முழுக்க ஓடினாளாம், நாடகத்தில் இல்லாத இடத்திலெல்லாம் ஓடினாளாம். இப்போது வீட்டிலும் அப்படித்தான். அப்பாவிடம் ஒரு பென்சில் கேட்பதென்றாலும் இரண்டு கையையும் வீசி, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டேதான் கேட்கிறாள். அவரும் மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஒரு இடத்துல நில்லேன் கண்ணு, ஏன் இப்படிக் குதிக்கிற?" என்று சலித்துக்கொள்கிறார்.

நல்லவேளை, நம் வீட்டில் அந்த மாதிரிப் பெட்டி எதுவும் கிடையாது என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் பிள்ளை காரணமே இல்லாமல் சோபாவில் ஏறிக் குதிப்பதும், உங்களுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதுமாக இருந்தால், அதட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம், உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.